ஆசிரியப் பயிற்சியா, ஆள்பிடிக்கும் வலையா?

பட்டத் தேர்வு முடிவுகள் வெளிவரும் மாதங்களில் தம்பானூரிலிருந்து கிழக்கேகோட்டை வரை நடந்து போகிறவர்கள் சில விளம்பரத் தட்டிகளைப் பார்க்காமல் போக முடியாது. "ஆறே மாதத்தில் சர்வதேச ஆசிரியர்!" என்று ஒன்று கூவும். "பி.எட். தேவையில்லை, வளைகுடாவில் வேலை உறுதி" என்று இன்னொன்று ஆசை காட்டும். உலக உருண்டையைக் கையில் ஏந்திய பெண்ணொருத்தி அதில் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அந்தத் தட்டியின் கீழே நின்று அதை எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர் யார்? சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்கும் தொழிலாளி. கரமனைப் பக்கம் துணி தேய்க்கும் வண்டி தள்ளுகிறவர். கட்டட வேலையில் சாந்துச் சட்டி சுமக்கும் தாய். நாகர்கோவிலிலிருந்தும் தென்காசியிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து, இந்த நகரத்தின் சுவர்களைக் கட்டி, தெருக்களைப் பெருக்கி, பட்டறைகளில் தட்டித் தேய்ந்த கைகள் அவை. அந்தக் கைகள் வளர்த்த பெண் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறி ஒரு பி.எஸ்ஸி.யோ பி.ஏ.யோ முடித்திருக்கிறாள். "டீச்சராகப் போகிறேன், வெளிநாட்டில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் வீட்டுக் கடனை அடைத்துவிடலாம்" என்கிறாள். இந்த ஆசையில் தவறேதும் இல்லை. ஆனால் அந்த ஆசைக்கும் அது நிறைவேறுவதற்கும் நடுவே வியாபாரிகள் கடை விரித்துக் காத்திருக்கிறார்கள். தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. பிளேடு கம்பெனிக்காரன் கையெழுத்து வாங்குகிறான். ஆறு மாதம் கழித்து வழவழப்பான தாளில் பொன்னிற முத்திரையோடு ஒரு சான்றிதழ் வருகிறது. அதை எடுத்துக்கொண்டு போனால் எந்த நாட்டு அரசும் ஏற்பதில்லை. பெண்ணுக்கு இரண்டு வருடம் வீண். குடும்பத்துக்குக் கடன் மிச்சம்.

இதைத் தனி மனிதரின் ஏமாளித்தனம் என்று சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. தகவல் சிலர் கையில் மட்டும் இருப்பதும், ஏழையின் மொழியில் அது கிடைக்காமல் போவதும் ஒருவகைச் சுரண்டலே. ஆகவே இம்மாதத் தலையங்கத்தை இந்தப் பொருளுக்கே ஒதுக்குகிறோம்.

பழைய பாதை

ஆசிரியர் கடல் கடந்து போவது கேரளத்துக்குப் புதிதல்ல. 1950-களிலும் 60-களிலும் எத்தியோப்பியாவின் மலைக்கிராமப் பள்ளிகளில் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுத்தவர்களில் பெரும்பகுதியினர் இந்த மாநிலத்திலிருந்து போனவர்கள். 1970-களில் எண்ணெய்ப் பணம் வந்த நைஜீரியா ஆயிரக்கணக்கான இந்திய ஆசிரியர்களை அழைத்துக்கொண்டது. திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் இருக்கும் மாலத்தீவின் தீவுப் பள்ளிகளில் கேரளத்தாரும் தமிழ்நாட்டாரும் பல பத்தாண்டுகளாக வகுப்பெடுத்து வருகிறார்கள். பஹ்ரைனில் இந்தியப் பள்ளி 1950-இலும், துபாயில் இந்தியன் ஹைஸ்கூல் 1961-இலும் தோன்றின. அவற்றுக்குப் பின்னால் வளைகுடா முழுவதும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பெருகின.

அந்தக் காலத்தில் போனவர்களுக்கும் இன்று தட்டியைப் பார்த்துக் கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று போனவர் கையில் ஒரு பட்டமும், பல்கலைக்கழகம் கொடுத்த பி.எட்.டும் இருந்தன. உள்ளூர்ப் பள்ளியில் வகுப்பெடுத்த அனுபவமும் இருந்தது. ஆப்பிரிக்காவில் அந்நாட்டு அரசே அவர்களை ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டது. இன்று அரசுக்கும் ஆசிரியருக்கும் நடுவே ஏஜெண்டு, கன்சல்டன்சி, ஆன்லைன் அகாடமி என்று மூன்று நான்கு கைகள் புகுந்துவிட்டன. ஒவ்வொரு கையும் தனக்கொரு பங்கு கேட்கிறது.

பள்ளி ஒருவகை அல்ல

"இண்டர்நேஷனல் ஸ்கூல்" என்ற சொல்லே முதலில் பிரித்துப் பார்க்கப்பட வேண்டும். உலகில் ஆங்கிலவழி சர்வதேசப் பள்ளிகளின் எண்ணிக்கை 2024-இல் 14,000-ஐ ஒட்டி இருந்ததாக இத்துறையைக் கணக்கெடுக்கும் ஐ.எஸ்.சி. ரிசர்ச் நிறுவனம் சொல்கிறது. எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் இவை எல்லாம் ஒரே கதவு அல்ல.

முதல் வகை, வெளிநாட்டில் இருக்கும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் உள்ளன, பெரும்பாலானவை வளைகுடாவில். இவற்றில் படிக்கிறவர்கள் நம்மைப் போலப் புலம்பெயர்ந்த இந்தியர்களின் பிள்ளைகள். கட்டணம் குறைவு, ஆகவே ஆசிரியர் சம்பளமும் குறைவு. இங்கே கேட்பது பட்டமும் பி.எட்.டும்தான். நம் பிள்ளைகளுக்கு முதலில் திறக்கக்கூடிய கதவு இதுவே.

இரண்டாம் வகை, பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி. கேம்பிரிட்ஜ், எடெக்செல் தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார் செய்வது. மூன்றாவது, 1968-இல் ஜெனீவாவில் தொடங்கிய ஐ.பி. பாடத்திட்டம் நடத்துவது. நான்காவது அமெரிக்கப் பாடத்திட்டம். இந்த மூன்று வகையிலும் சம்பளம் உயர்வு. ஆனால் இங்கெல்லாம் ஒரு கசப்பான உண்மை ஒளிந்திருக்கிறது. ஒரே பாடத்தை ஒரே வகுப்பில் எடுக்கும் இருவருக்கு, கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்து இரண்டு விதமான சம்பளம் தரும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. "தாய்மொழி ஆங்கிலம் உள்ளவர் மட்டும்" என்று விளம்பரத்திலேயே போடுகிறவர்களும் உண்டு. தோட்டத்திலும் துறைமுகத்திலும் நம் முன்னோர் கண்ட அதே கூலி வேறுபாடு இன்று கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறது. இதை மறைத்துவிட்டு "ஐ.பி. டிப்ளமா எடுத்தால் லட்சக்கணக்கில் சம்பளம்" என்று சொல்கிறவன் உண்மையின் ஒரு பாதியைத்தான் சொல்கிறான்.

தமிழாசிரியராகப் போகலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. மலேசியாவில் 520-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் ஆசிரியர்கள் அந்நாட்டு அரசிடம் பயிற்சி பெற்ற அந்நாட்டுக் குடிமக்கள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. அங்கும் கல்வி அமைச்சகமே ஆளெடுத்துத் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி கொடுக்கிறது. ஆகவே இந்த இரு நாட்டுப் பெயரைச் சொல்லி இங்கே யாராவது "தமிழ் ஆசிரியர் டிப்ளமா" விற்றால் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

உள்நாட்டுப் பயிற்சியே அடித்தளம்

1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.ஈ., அங்கீகரித்த பயிற்சிதான் இந்த நாட்டில் ஆசிரியப் பயிற்சி. மற்றவை எல்லாம் வகுப்பு, பட்டறை, பயிலரங்கம்; தகுதி அல்ல. இதை ஒவ்வொரு குடும்பமும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கப் பள்ளிக்கு டி.எல்.எட். என்னும் இரண்டாண்டுப் பயிற்சி. பழைய டி.டி.சி. என்று சொன்னால் பெரியவர்களுக்குப் புரியும். உயர்நிலைப் பள்ளிக்குப் பட்டமும் பி.எட்.டும். பி.எட். ஓராண்டாக இருந்தது, 2014-ஆம் ஆண்டு விதிகளால் இரண்டாண்டாயிற்று. மீண்டும் ஓராண்டுப் படிப்பைச் சிலருக்குக் கொண்டுவரும் வரைவு விதிகளை 2025-இல் குழுமம் வெளியிட்டது. வரைவைக் காட்டி இடம் விற்கிறவர்களை நம்பக் கூடாது; குழுமத்தின் அங்கீகாரக் கடிதத்தைக் கேட்க வேண்டும்.

பி.எட். இருந்தால் எந்த வகுப்பிலும் வேலை பார்க்கலாம் என்ற எண்ணமும் இனிச் செல்லாது. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டு 11-இல் தீர்ப்பளித்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல விரும்பும் பெண் டி.எல்.எட். பக்கம் போவதே முறை. பிறகு நாடு திரும்பும் நாளில் அரசு வேலைக்குக் கேரளத்தில் கே-டெட், தமிழ்நாட்டில் டி.என்.டெட் என்ற தகுதித் தேர்வு இருக்கிறது. மத்திய அரசின் சி-டெட் தேர்வில் தமிழை ஒரு மொழியாக எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக்குப் போவதற்கு முன்பே இத்தேர்வை முடித்து வைத்துக்கொள்கிறவர்கள் புத்திசாலிகள். போன இடத்தில் வேலை போனாலும் திரும்பி வந்து நிற்க ஒரு தரை இருக்கும்.

பிளஸ் டூ முடித்த கையோடு முடிவெடுக்கிற குடும்பங்களுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. நம்மவர்களில் மிகச் சிலருக்கே அது தெரியும். 1963-இல் தொடங்கிய மைசூரு வட்டாரக் கல்விக் கழகம் மத்திய அரசின் என்.சி.ஈ.ஆர்.டி.யைச் சேர்ந்தது. தென் மாநிலங்கள் அனைத்துக்கும் உரியது. பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்காண்டுப் படிப்பை அது நெடுங்காலமாக நடத்தி வந்திருக்கிறது. விடுதியும் உண்டு. 2023-24 கல்வியாண்டு முதல் இதே மாதிரியான நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பு நாட்டின் பல அரசு நிறுவனங்களில் தொடங்கப்பட்டிருக்கிறது. தனித்தனியே படித்தால் ஐந்தாண்டு ஆகிற இடத்தில் ஓராண்டு மிச்சம். கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு ஓராண்டு என்பது சின்ன விஷயமா?

வேலை பார்த்துக்கொண்டே தொலைதூர வழியில் பி.எட். முடிக்கலாமா? இக்னோ பல்கலைக்கழகத்தின் பி.எட். அங்கீகாரம் பெற்றதுதான். ஆனால் அது பணியில் இருக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கும், ஏற்கெனவே நேரடியாக ஓர் ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களுக்கும் உரியது. கல்லூரியிலிருந்து புதிதாக வெளிவந்தவர்களுக்கு அல்ல. மேலும் வெளிநாட்டுக்குப் போகிற எண்ணம் இருக்கிறவர்கள் படித்த முறையையும் கவனிக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டையொட்டி ஐக்கிய அரபு அமீரகத்தில் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று கண்டிப்பாகக் கேட்கப்பட்டபோது, கல்லூரிக்குப் போகாமல் தனிப்பதிவு முறையில் தேர்வெழுதிப் பட்டம் வாங்கிய இந்திய ஆசிரியர்கள், கேரளத்தார் உட்பட, வேலை பறிபோகும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். வருடக்கணக்காக வகுப்பெடுத்த அனுபவம் அவர்களைக் காப்பாற்றவில்லை. சான்றிதழில் இருந்த ஒரு வார்த்தைதான் பேசியது. ஆகவே கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்த பட்டம், நேரில் போய்ப் படித்த பி.எட்.; வெளிநாட்டு வேலைக்கு இதுவே பழுதில்லாத பாதை.

வெளிநாட்டுச் சான்றிதழ்களின் எடை

இனி, தட்டிகளில் மினுங்கும் பெயர்களை ஒவ்வொன்றாக எடைபோடுவோம்.

பி.ஜி.சி.ஈ. என்பது இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் தரும் ஆசிரியப் பயிற்சிப் பட்டயம். அதனோடு க்யூ.டி.எஸ். என்னும் ஆசிரியத் தகுதிநிலை சேர்ந்தால்தான் முழு மதிப்பு. அங்கே போய்ப் படிக்கப் பல லட்சம் ரூபாய் ஆகும். "பி.ஜி.சி.ஈ.ஐ" என்று கடைசியில் ஓரெழுத்து கூட்டி விற்கப்படுவது வெளிநாட்டாருக்காக ஆன்லைனில் நடத்தும் படிப்பு. பல நல்ல பல்கலைக்கழகங்களே அதை நடத்துகின்றன, படிப்பு மோசமில்லை. ஆனால் அது க்யூ.டி.எஸ். தருவதில்லை. இந்தியாவில் பி.எட்.டுக்கு ஈடாகவும் அதை வைத்துக்கொள்ள முடியாது. 2022-இல் இங்கிலாந்து அரசு தொடங்கிய ஐ.க்யூ.டி.எஸ். என்ற பயிற்சி வேறு, அது க்யூ.டி.எஸ்.ஸுக்குச் சமமாக ஏற்கப்படுகிறது. மூன்று பெயரும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும். தரகன் வாழ்வது இந்தக் குழப்பத்தில்தான்.

நம்மவர்கள் முக்கியமாக அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2023 பிப்ரவரி முதல் இந்தியாவில் முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இங்கிலாந்து அரசிடம் நேரடியாக க்யூ.டி.எஸ். கேட்டு விண்ணப்பிக்க வழி திறந்திருக்கிறது. கணிதம், அறிவியல், மொழிப்பாடங்கள் ஆகியவற்றை 11 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்களுக்குக் கற்பிக்கத் தகுதி பெற்றவர்களுக்கே இது. பட்டம் வேண்டும், ஆசிரியப் பயிற்சி வேண்டும், ஓராண்டாவது வகுப்பெடுத்த அனுபவம் வேண்டும், ஆங்கிலத் திறன் வேண்டும். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஆம் தோழர்களே, கட்டணம் கிடையாது! ஊரில் ஒரு பி.எட்.டும் ஓராண்டு அனுபவமும் இருந்தால் கிடைக்கக்கூடிய தகுதிக்கு, இடைத்தரகன் லட்சம் லட்சமாகக் கேட்டால் அவனை என்னவென்று சொல்வது? அதேநேரம் க்யூ.டி.எஸ். கிடைத்தால் விசாவும் வேலையும் கூடவே வந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அது ஒரு தகுதி, அவ்வளவே.

மாண்டிசோரி டிப்ளமா பற்றி நிறையப் பெண்கள் கேட்கிறார்கள். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கி வேலை செய்தவர். அந்த முறைக்கும் தமிழ் மண்ணுக்கும் உள்ள உறவு பெருமைக்குரியது. ஆனால் அவர் பெயரைப் பலகையில் எழுத எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதால், மூன்று மாத வகுப்புக்கும் அதே பெயர்தான், அவர் நிறுவிய சர்வதேசச் சங்கத்தின் முழுப் பயிற்சிக்கும் அதே பெயர்தான். மழலையர் பள்ளி வேலைக்கு இது உதவும். உடனே ஒரு சம்பளம் தேவைப்படுகிற வீட்டுக்கு இது ஓர் ஊன்றுகோல் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இது பி.எட்.டுக்கு மாற்றல்ல. டெஃபில் என்ற பெயரில் வரும் 120 மணி நேர ஆன்லைன் ஆங்கிலச் சான்றிதழின் கதையும் அதுவே. ஐ.பி. சான்றிதழ்கள் ஏற்கெனவே ஆசிரியராக இருக்கிறவர்களுக்கு மெருகு. ஆசிரியரல்லாதவரை அவை ஆசிரியராக்கிவிடாது.

ஆக நம் கருத்து இது: முதலில் அங்கீகாரம் பெற்ற உள்நாட்டுப் பயிற்சி. பிறகு ஓராண்டு, இரண்டாண்டு உண்மையான வகுப்பறை அனுபவம். அதன்பின் தேவையானால் வெளிநாட்டுச் சான்றிதழ். இந்த வரிசையை மாற்றுகிறவர்கள் கூரையைப் போட்டுவிட்டு அஸ்திவாரம் தேடுகிறவர்கள்.

சான்றிதழின் பிறந்த ஊர்

நம்மைப் போல இரு மாநிலத்தில் கால் வைத்த குடும்பங்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ்களில் அரசின் மேலொப்பம் வாங்க வேண்டும். சான்றிதழ் எந்த மாநிலத்தில் பிறந்ததோ அந்த மாநில அரசின் ஒப்பம்தான் செல்லும். கேரளச் சான்றிதழ்களுக்குத் தைக்காட்டில் உள்ள நோர்க்கா ரூட்ஸ் அலுவலகம் இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பு நாகர்கோவிலிலும், பட்டம் கேரளப் பல்கலைக்கழகத்திலும், பி.எட். திருநெல்வேலியிலும் படித்த பெண்ணின் கதி என்ன? தமிழ்நாட்டுச் சான்றிதழ்களுக்குத் தமிழ்நாட்டு அரசின் வாசலில் நிற்க வேண்டும். கேரளச் சான்றிதழுக்கு இங்கே நிற்க வேண்டும். அதன்பின் மத்திய வெளியுறவு அமைச்சகம். 2005 முதல் இந்தியா அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஓமான், பஹ்ரைன், சவுதி அரேபியா ஆகியவையும் அதில் சேர்ந்துவிட்டன. அந்த ஒப்பந்தத்தில் சேராத நாடுகளுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். இதற்கு மாதங்கள் பிடிக்கும். வேலை கிடைத்த பிறகு ஓடுவதைவிட, படிப்பு முடிந்த கையோடு இதைத் தொடங்குவதே நல்லது. பெயரில் ஓரெழுத்து, முதலெழுத்தில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் இப்போதே திருத்த வேண்டும். அப்பா பெயரை ஒரு சான்றிதழில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போட்டுத் தவிக்கும் குடும்பங்கள் நம்மில் எத்தனை!

ஆளெடுப்போர் விஷயத்தில்

1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கிறவர் மத்திய அரசின் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவை இ-மைகிரேட் தளத்தில் எவரும் பார்க்கலாம். பக்கத்து அட்சயா மையத்தில் கேட்டாலும் பார்த்துச் சொல்வார்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு ரசீது தர வேண்டும். "பயிற்சிக் கட்டணம்" என்று ஒரு பெயர் வைத்து இரண்டு லட்சம் வாங்கி, அதற்குள் வேலைக்கான கமிஷனை ஒளித்து வைப்பது சட்டத்தை ஏய்க்கும் தந்திரம்.

விசிட் விசாவில் போய்ப் பள்ளியில் சேர்ந்துகொள்ளலாம் என்று சொன்னால் கிளம்பக் கூடாது. கையில் வேலை ஒப்பந்தம் இருக்க வேண்டும். அதில் சம்பளம், தங்குமிடம், விடுமுறைக் காலச் சம்பளம், திரும்பும் விமானச் சீட்டு ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். கேரள அரசின் ஒடெபெக் 1977 முதலும், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதலும் இயங்குகின்றன. எந்த ஏஜெண்டின் வாசலுக்கும் போகும் முன்னால் இந்த இரண்டு வாசலையும் தட்டிப் பார்ப்பது நம் உரிமை.

இரண்டு அரசுகளும் கைவிட்ட பிள்ளைகள்

இவ்வளவும் குடும்பங்களுக்குச் சொன்னோம். அரசுகளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. நம் பிள்ளைகள் ஏன் குறுக்கு வழிக் கடைகளுக்குப் போகிறார்கள்? நேர் வழியின் வாசலில் அவர்களுக்கு இடமில்லை என்பதால்தான்.

தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர் கேரளத்துக்குக் குடிபெயர்ந்தால், இங்கே அந்த ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்பது உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தந்த தீர்ப்பின் விளைவு. எந்தச் சாதிக் கொடுமையிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பிக்க எல்லை தாண்டினார்களோ, அந்த எல்லையிலேயே அவர்களது பாதுகாப்பும் உதிர்ந்துவிடுகிறது. பி.எட். இடத்துக்கும் கட்டணச் சலுகைக்கும் நம் வீட்டுப் பெண் பொதுப் பட்டியலில், வசதி படைத்தவர் பிள்ளையோடு நிற்க வேண்டும். தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போய்க் கேட்டால் "நீ படித்தது கேரளத்தில்" என்று இருப்பிடச் சான்று கேட்கிறார்கள். இங்கே தமிழர், அங்கே மலையாளத்து ஆள். வாக்குக் கேட்கும் காலத்தில் மட்டும் இரு பக்கத்தாருக்கும் நாம் சொந்தம். 1950-க்கு முன்பே தம் முன்னோர் இம்மண்ணில் குடியிருந்ததற்குப் பட்டயமோ பள்ளிப் பதிவோ வைத்திருக்கும் குடும்பங்கள் அதைத் தேடியெடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். அந்தத் தாள் ஒரு பிள்ளையின் படிப்பாக மாறக்கூடும்.

1956 நவம்பர் 1-இல் மொழிவழி எல்லை வகுத்தபோது கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் திருவனந்தபுரத்தில் தமிழ் நின்றுவிடவில்லை. சாலையில் அரசு தமிழ்ப் பள்ளி இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை இருக்கிறது. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை பாடம் நடத்திய ஊர் இது. இத்தகைய நகரத்தில் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணுக்கு ஆசிரியப் பயிற்சி பற்றித் தமிழில் நாலு வரி எடுத்துச் சொல்ல ஓர் அரசு அலுவலகம் இல்லையென்றால், வெட்கப்பட வேண்டியது யார்?

ஆகவே நாம் கோருவது:

ஒன்று: அங்கீகாரம் பெற்ற பி.எட்., டி.எல்.எட். நிறுவனங்களின் பட்டியலையும் கட்டணத்தையும் ஒவ்வோராண்டும் சேர்க்கைக்கு முன்பே தமிழிலும் கேரள அரசு வெளியிட வேண்டும்.

இரண்டு: புலம்பெயர்ந்த தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று எந்த மாநிலத்தது என்று பார்க்காமல், வருமானத்தையும் இங்கே வாழ்ந்த ஆண்டுகளையும் கணக்கிட்டுக் கட்டணச் சலுகை தர வேண்டும்.

மூன்று: நோர்க்காவும் தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நலத் துறையும் சேர்ந்து, இரு மாநிலச் சான்றிதழ்களுக்கும் திருவனந்தபுரத்திலேயே மேலொப்பம் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

நான்கு: "வேலை உறுதி" என்று தட்டி வைக்கும் நிறுவனங்கள் மீது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க அச்சட்டத்தில் இடமிருக்கிறது. சட்டம் அலமாரியில் தூங்குவதற்காக இயற்றப்பட்டதல்ல.

ஐந்து: உள்ளூர்த் தனியார் பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியருக்குக் கட்டடக் கூலியைவிடக் குறைந்த சம்பளம் தரும் அநியாயம் ஒழிய வேண்டும். இங்கே நியாயமான சம்பளம் கிடைத்தால் எந்தத் தாயும் பெற்ற பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பத் துடிக்க மாட்டாள்.

குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை

இரண்டு வருடம் பி.எட். படிக்க வைக்க வீட்டில் எங்கே பணம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு வங்கியில் கல்விக் கடன் உண்டு. வங்கிகளின் பொதுத் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக் கூடாது. மானேஜர் மறுத்தால் மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள்; அந்தத் தாளோடு சங்கத்துக்கு வாருங்கள். ஆறு மாத டிப்ளமாக் கடைக்கு எந்த வங்கி கடன் கொடுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சான்றிதழின் மதிப்பு உங்களுக்கே விளங்கிவிடும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியவர்கள் வாக்கு. பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பயிற்சிக்கு என்.சி.டி.ஈ. அங்கீகாரம் உண்டா? இந்தச் சான்றிதழை எந்த நாட்டின் எந்த அரசு அலுவலகம் ஏற்கிறது என்று எழுத்தில் தருவாயா? வேலை கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுவாயா? இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லாதவன் கடையில் சரக்கில்லை.

முன்பு போய் வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மாலத்தீவில் பாடம் சொன்னவர்கள், மஸ்கட்டிலும் தோஹாவிலும் வகுப்பெடுத்தவர்கள், திரும்பி வந்து ஊரில் டியூஷன் நடத்துகிறவர்கள். அவர்கள் தம் அனுபவத்தைச் சங்கத்துக்கு எழுத வேண்டும்; வார இறுதியில் ஒரு மணி நேரம் வந்து நம் பெண்களோடு பேச வேண்டும். எந்தப் பள்ளி சம்பளத்தை இழுத்தடிக்கும், எந்த ஊரில் வாடகையே சம்பளத்தைத் தின்றுவிடும் என்பதெல்லாம் விளம்பரத் தட்டியில் வராது. அது அனுபவப்பட்டவர் வாயிலிருந்துதான் வரும்.

நம் முன்னோர் கங்காணியின் வார்த்தையை நம்பிக் கப்பலேறினார்கள். படிக்க அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தார்கள். அவர்கள் பேரப் பிள்ளைகள் இன்று பிறருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் தொழிலுக்குப் புறப்படுகிறார்கள். அப்படிப் புறப்படுகிறவர்கள் தம் ஒப்பந்தத்தைத் தாமே படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதற்கு வேண்டிய துணையை நம் சங்கம் கொடுக்கும். சேர்க்கை தொடங்குமுன் வாருங்கள். விளம்பரத் துண்டையும் சான்றிதழ்களையும் கையோடு எடுத்து வாருங்கள். பெண்ணையும் அழைத்து வாருங்கள். பணம் கட்டிவிட்டு வருவதைவிட, கட்டுமுன் வருவது நல்லது.